ஆயுளும் ஆறுதலும்

திருக்கடையூருக்கு எந்த நாளில் போனாலும் அங்கே கல்யாணந்தான். மாப்பிள்ளைக்கு வயது 60. மணப்பெண்ணுக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாது. புடவைக் கொசுவத்தைச் சரி செய்ய மகள் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் நிற்பார்கள். மாலை மாற்றும்போது, "தாத்தா, கொஞ்சம் குனியுங்கள்!" என்று பேரக் குழந்தைகள் கூச்சல் போடும். கலசத்து ஜலத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கு முன்னால் படாத வெட்கமெல்லாம் அந்த அம்மாள் இப்போது படுவதைப் பார்க்க வேண்டுமே! 60 முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80 தாண்டினால் சதாபிஷேகம் என்று வரிசையாக வைத்து நடத்திக்கொள்கிறார்கள். மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் இதற்கென்றே லீவு போட்டுவிட்டு வருகிறார்கள்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. பதினாறு வயதோடு ஆயுள் முடிந்தது என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். காலன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழுந்தது. ஈசன் வெளிப்பட்டு இடது காலால் உதைத்தார். அட்ட வீரட்டானங்களில் ஒன்றாகிய அந்த ஸ்தலத்தில் கால சம்ஹார மூர்த்தியின் திருவடியில் காலன் விழுந்து கிடப்பதை இன்றும் தரிசிக்கலாம். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. நம் வீட்டுப் பாட்டிமார்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. காலன் விழுந்த பிறகு உலகத்தில் ஒருவருமே சாகவில்லையாம். பாரம் தாங்க மாட்டாமல் பூமாதேவி போய் முறையிட, ஈசன் மனமிரங்கிக் காலனை எழுப்பி விட்டாராம். ஆயுள் விருத்திக்கென்றே பெயர் பெற்ற ஊரில் இப்படியும் ஒரு கதை இருக்கிறது பாருங்கள்!

இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம். பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய மாமனாருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் அபிராமி சந்நிதியில் பீமரத சாந்தி நடந்தது. அன்றைக்கு மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாமியார் இன்று படுத்த படுக்கை. வயது 68. மார்பில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், கரண்ட் வைத்தார்கள். இப்போது அது எலும்புக்குப் பரவிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், "இனி எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லிக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொழுந்தனாரோ, "இரண்டு மா நிலத்தை விற்றாவது சென்னைக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை மருந்து ஏற்றிப் பார்க்கலாம்" என்கிறார். பகலெல்லாம் எப்படியோ கழிந்துவிடுகிறது. ராத்திரியில்தான் வலி தாங்காமல் முனகுகிறாராம். மாமனார் அந்த அறைப் பக்கமே வராமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

அந்தச் சகோதரி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மார்பின் என்று ஒரு மருந்து இருக்கிறதாமே, அது கொடுத்தால் பழகிப்போய் அடிமையாகிவிடுவார் என்று கணவர் பயப்படுகிறார், உண்மையா? நோய் இன்னதென்று அத்தையிடம் இதுவரை சொல்லவில்லை, சொல்லலாமா? மூன்றாவதை அவர் எழுத்திலேயே தருகிறேன்: "ராத்திரி அவர் முனகும்போது, சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி நினைப்பது பாவமா?"

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். பிறகு, இது ஒரு வீட்டுச் சமாசாரமல்ல, எத்தனையோ வீடுகளில் வாயைத் திறந்து கேட்க முடியாமல் கிடக்கிற சமாசாரம் என்று தோன்றியதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில், "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பேச்சைத் தள்ளி வையுங்கள். நோயைக் குணப்படுத்த வழியில்லாமல் போகலாம். நோயாளிக்குச் செய்ய வேண்டியது அப்போதும் நிறைய இருக்கிறது. அதற்கென்றே வைத்தியத்தில் ஒரு தனித் துறை உண்டு. பாலியேட்டிவ் கேர் என்பார்கள். நம் சர்க்கார் காகிதங்களில் நோய் ஆதரவுச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். லத்தீன் மொழியில் 'பாலியம்' என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் வஸ்திரம். அதிலிருந்து வந்த பெயர். குளிரை நிறுத்த முடியாவிட்டாலும் குளிர்கிறவருக்குப் போர்த்தி விடலாம் அல்லவா?

இந்தத் துறைக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி என்பதை நம் பத்திரிகையில் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்துக்காரரான சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக இருந்தார். முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் உத்தியோகத்துக்கு மாறினார். அங்கே, போலந்து தேசத்திலிருந்து வந்து லண்டனில் ஹோட்டல் சிப்பந்தியாக இருந்த டேவிட் தாஸ்மா என்ற புற்றுநோயாளியைச் சந்தித்தார். உற்றார் உறவினர் இல்லாத மனிதர். சாகிறவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசிக் கனவு கண்டார்கள். 1948-ல் அவர் இறந்தபோது, நீங்கள் கட்டப் போகிற வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்கிற மாதிரி சொல்லி 500 பவுன் பணத்தை விட்டுப் போனார். நர்ஸ் பேச்சை யார் கேட்கிறார்கள்? ஆகவே சிசிலி அம்மையார் முப்பது வயதுக்கு மேல் வைத்தியம் படிக்கப் போய் 1957-ல் டாக்டரானார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். கையில் வெறும் ஜன்னலுக்கான பணத்தை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிக் கட்டடம் எழுப்பப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று!

அவர் சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று. வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. பணக் கவலை ஒரு வலி, பிள்ளைகளைப் பற்றிய ஏக்கம் ஒரு வலி, எனக்கு ஏன் இப்படி வந்தது என்று தெய்வத்தைக் கேட்கிற கேள்வி ஒரு வலி. எல்லாம் சேர்ந்துதான் ராத்திரி முனகலாக வெளியே வருகிறது.

நம் நாட்டில் முதன்முதலாக 1986-ல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் என்ற இல்லம் ஏற்பட்டது. ஆனால் இதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த பெருமை நம் அண்டை மாநிலமான கேரளத்துக்கே உரியது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புறம் ஜில்லாவில் அக்கம் பக்கத்துக்காரர்களே, அதாவது வாத்தியார், கடைக்காரர், கல்லூரி மாணவர், இல்லத்தரசி என்று எல்லோருமே, பயிற்சி பெற்று நோயாளிகளின் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். 2008-ல் கேரள சர்க்கார் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

நம் பக்கம் மட்டும் சும்மா இருந்ததா என்று கேட்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்துபோனார். அதைக் கண்ணால் பார்த்த துக்கம்தான் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது. இப்போது நாம் பேசுகிற வீட்டுச் சிகிச்சைக்கு வந்தால், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைக் குறிப்பிட வேண்டும். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டில் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார்களே, அதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதிதான். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவு நர்ஸும், கை கால் பயிற்சி அளிக்க ஒரு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே அடங்கியதுதான். திருக்கடையூர் செம்பனார்கோயில் ஒன்றியத்தைச் சேர்ந்தது. மாவட்டம் முன்பு தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020-லிருந்து மயிலாடுதுறை. இந்தச் சகோதரி யாரைக் கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்பின் விஷயத்துக்கு வருவோம். இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பயம் பெரியது.

கசகசாச் செடி இருக்கிறதல்லவா, அதன் காயைக் கீறினால் வடிகிற பாலிலிருந்து அபினி வருகிறது. அபினியிலிருந்து மார்பின் வருகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்ஸோடு விவசாயிகள் இதைப் பயிர் செய்கிறார்கள். நீமச்சிலும் காஜிபூரிலும் உள்ள சர்க்கார் தொழிற்சாலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. உலகத்துக்கே அபினி கொடுத்த தேசம் நம்முடையது. இருந்தும் நம் வீட்டு நோயாளிக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை! 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், அது வேண்டியதுதான். ஆனால் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வைத்திருக்க வேண்டுமானால் இத்தனை லைசென்ஸ், அத்தனை கையெழுத்து, ஒன்று காலாவதியாவதற்குள் மற்றொன்று என்று ஏற்பட்டுவிட்டதால், எதற்கு வம்பு என்று மருந்துக் கடைக்காரர்களும் டாக்டர்களும் அதைக் கைகழுவி விட்டார்கள். ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே படித்து முடித்தார்கள். 2014-ல்தான் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி, மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசிய மருந்துகள் என்று பிரித்து, நாடு முழுவதற்கும் ஒரே விதியைக் கொண்டுவந்தது. இப்போது அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் இதை வைத்திருக்கலாம். சாதாரண மருந்துக் கடையில் கேட்டால் இன்னமும் முறைத்துத்தான் பார்ப்பார்கள்.

அடிமையாகிவிடுவாரா? வலிக்காக, டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற அளவில் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அலைவது மிக அபூர்வம். தினமும் சாப்பிடுவதால் உடம்பு மருந்துக்குப் பழகிப்போகும் என்பது உண்மை. அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடம்பு பழகுவதும் மனம் அலைவதும் வெவ்வேறு. 68 வயதில் எலும்பெல்லாம் நொறுங்குகிறாற்போல் வலிக்கிற ஒரு தாயார், மாத்திரையை வேளாவேளைக்குக் கேட்டால் அது பழக்கமல்ல, வலி.

அது சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற கடைசி மருந்தாமே, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்களாமே என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். சரியான அளவில் கொடுத்தால் ஆயுளை அது குறைப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே ஒரு படிக்கட்டு முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை. அதற்கு மசியாவிட்டால் அடுத்த படி. அதற்கும் மசியாத வலிக்கு மார்பின். வாய் வழியாகக் கொடுத்தால் போதும், ஊசி வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் வீடுகளில் பெரும் தவறு நடக்கிறது. "வலி வந்தால் கொடுக்கலாம், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளட்டுமே" என்று மாத்திரையை மிச்சம் பிடிக்கிறோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகு தணலை இழுப்பதைப் போன்றது அது. சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரந்தான் வேலை செய்யும். முந்தினது தீருவதற்குள் அடுத்தது போனால்தான் வலி தலை தூக்காது.

இரண்டு உபாதைகள் உண்டு, முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம்; பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பல நாள் தூங்காதவர் வலி விட்டதும் தூங்கத்தான் செய்வார். எழுப்பவே முடியாதபடி மயக்கமாக இருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்றொன்று மலச்சிக்கல். அது போகவே போகாது. ஆகவே மார்பின் எழுதும் டாக்டர் பேதி மருந்தும் சேர்த்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள், எழுதவில்லையென்றால் கேளுங்கள். மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிச்சமானதைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நிலத்தை விற்பது பற்றி. ஒரு குடும்பத்தின் முடிவில் நான் மூக்கை நுழைக்கலாகாது. ஆனால் விற்பதற்கு முன்னால் சென்னை டாக்டரிடம் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மருந்தால் எங்கள் அம்மாவுக்கு என்ன நன்மை? வலி குறையுமா, நடமாடுவாரா, எத்தனை நாள் கூடும், அந்த நாட்களை ஆஸ்பத்திரியில் கழிப்பாரா வீட்டிலா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைத்தியத்தைக் கைவிட்டவர்களுக்குத்தான் ஆதரவுச் சிகிச்சை என்பது தப்பபிப்பிராயம். இரண்டும் கூடவே நடக்கலாம். நோய் தெரிந்த நாளிலிருந்தே நடக்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு பிரிவுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும். 2010-ல் முடிவு வெளியாயிற்று. ஆதரவும் சேர்ந்து கிடைத்தவர்கள் மனச் சோர்வு குறைவாக இருந்ததோடு, சுமார் இரண்டரை மாதத்துக்கு மேல் அதிகமாகவும் உயிர் வாழ்ந்தார்கள். யாரும் எதிர்பாராத முடிவு. புற்றுநோய்க்கு மட்டுமென்றும் நினைக்க வேண்டாம். பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, இருதய பலவீனம், மூச்சுக் கோளாறு, மறதி நோய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. படுக்கைப் புண் வந்தபின் ஆற்றுவதைவிட வராமல் பார்ப்பது சுலபம். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். இவருக்கு எலும்பில் நோய் இருப்பதால் இழுத்துத் திருப்பாமல் விரிப்போடு சேர்த்து இரண்டு பேராக மெள்ளத் திருப்ப வேண்டும். எப்படி என்று நர்ஸைக் காட்டித் தரச் சொல்லுங்கள். விரிப்பில் சுருக்கம் இருக்கலாகாது. குதிகால், இடுப்பு, முதுகின் அடி எலும்பு மூன்றையும் தினம் பாருங்கள். சிவந்திருந்தால் அதுதான் எச்சரிக்கை. மார்பில் புண் இருந்து துர்நாற்றம் வீசினால், ஊதுவத்தி ஏற்றி மறைக்க வேண்டாம்; மெட்ரோனிடசோல் என்ற மருந்தைப் புண்ணின் மேல் போடுவதுண்டு, கேட்டு வாங்குங்கள். நாற்றத்துக்குப் பயந்து உறவுக்காரர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போவதை நோயாளி கவனிக்காமல் இருப்பாரா? மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார வைத்து முகத்தில் காற்றுப் படும்படி விசிறுங்கள். அந்த விசிறியைத் திண்ணையில் இருக்கிற மாமனார் கையில் கொடுங்கள். அவர் வராததற்குக் காரணம் அன்பில்லாமை அல்ல, தனக்குச் செய்ய ஒன்றுமில்லை என்ற தவிப்பாக இருக்கலாம். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தினவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.

சாப்பாடு. காவேரிக் கரையில் பிறந்த நமக்கு இது பெரிய சோதனை. ஒரு கவளம் இறங்கவில்லையென்றால், "சாப்பிடாமல் கிடந்தால் எப்படி?" என்று வாயில் திணிக்கிறோம். திணிப்பதில் இருக்கிற அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நோய் முற்றிய உடம்பு சோற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பசி போவதால் நோய் முற்றுவதில்லை. நோய் முற்றுவதால்தான் பசி போகிறது. பலவந்தப்படுத்தினால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும் அபாயமும் உண்டு. அவருக்குப் பிடித்ததை, அது ஐஸ் கிரீமாக இருந்தாலும் சரி, பழைய சோற்று நீராக இருந்தாலும் சரி, இரண்டு ஸ்பூன், அவர் கேட்கிற நேரத்தில் கொடுங்கள். வாய் உலர்ந்தால் ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்து விடுங்கள்.

இப்போது, சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி. டாக்டர் ராஜகோபால் தம் அனுபவம் ஒன்றைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மயக்க மருந்து டாக்டராக இருந்த காலத்தில், புற்றுநோய் வலியோடு வந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு ஊசி போட்டு வலியை அடியோடு நீக்கினாராம். தம் திறமையில் அவருக்கே சந்தோஷம். ஆனால் நோய் தீரவில்லை, தீராது என்ற விஷயம் அந்த ஆசிரியருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போனவர் உயிரை மாய்த்துக்கொண்டாராம். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்று உணர்ந்ததுதான் அவரை இந்தத் துறைக்கே திருப்பியது.

இதைக் கேட்டால், "பார்த்தீர்களா, சொல்லாமலிருப்பதே மேல்" என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. சொன்னதில் தவறில்லை, பக்கத்தில் யாரும் உட்காராமல் தெரிந்துகொண்டதுதான் தவறு. உங்கள் அத்தைக்கு ஒன்றும் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? ஆபரேஷன் ஆகி, தலைமுடி கொட்டி, கரண்ட் வைத்து, இப்போது பிள்ளைகள் வாசலில் ரகசியம் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்குத் தெரியாமலிருக்குமா? உங்களுக்காக அவரும் நடிக்கிறார், அவருக்காக நீங்களும் நடிக்கிறீர்கள். நடுவில் அவர் சொல்ல நினைத்தது, நகையை யாருக்கு, கடைசிப் பையனை யார் பார்த்துக்கொள்வது, எந்தச் சண்டையை மறந்துவிட வேண்டும் என்பதெல்லாம் தொண்டையிலேயே நிற்கிறது.

போட்டு உடைக்கவும் வேண்டாம். வலி தணிந்த ஒரு வேளையில் தலை வாரி விட்டுக்கொண்டே, "உங்களுக்கு உடம்பைப் பற்றி என்ன தோன்றுகிறது, அத்தை?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு நீங்கள் பேசாமலிருங்கள். அவர் பேச்சை மாற்றினால் இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "எல்லாம் சொல்லட்டுமா, அல்லது உங்கள் பிள்ளை தெரிந்துகொண்டால் போதுமா?" என்று அவரிடமே விட்டுவிடுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் எழுந்து நடப்பீர்கள் என்று சொன்னால், அடுத்த மாதம் உங்கள் பேச்சு எதையுமே அவர் நம்ப மாட்டார்.

மூன்றாவது கேள்விக்கு, அம்மா, என் பதில்: பாவமில்லை. எத்தனை ராத்திரிகளாக நீங்கள் தூங்கவில்லை என்று கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவர் போக வேண்டும் என்று நீங்கள் விரும்பவில்லை, அந்த முனகல் நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். வலி அடங்கி அவர் ஒரு ராத்திரி தூங்கினால் அந்த நினைப்பு எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியாது. அடங்கின பிறகும் அந்த நினைப்பு வந்தால், களைப்பு உங்களை அழுத்துகிறது என்று பொருள். வீட்டுக்கு வருகிற நர்ஸிடம் அதையும் சொல்லுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களைக் கவனிப்பதும் அவர்கள் வேலைதான். இந்த உலகத்தில் நோயாளியின் பக்கத்தில் இரவு கண் விழிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மருமகள், மகள், மனைவி. "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி உங்கள் கணவர் அந்த அறையில் படுக்கட்டும். மாத்திரை வேளைகளைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி விட்டால் அவராலும் கொடுக்க முடியும். ஒன்றும் கெட்டுப் போகாது. ஒரு ராத்திரி கொழுந்தனாருக்கும் ஒதுக்கலாம். நிலத்தை விற்பதாகச் சொன்னவர் ஒரு ராத்திரி விழிக்க மாட்டாரா என்ன?

ஆக வேண்டிய காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். திங்கட்கிழமை காலை உங்கள் கணவரோ நீங்களோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நோயாளியை அலைக்கழித்து அழைத்துப் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம், இப்போது சாப்பிடுகிற மாத்திரைப் பட்டைகள், ஆதார் அட்டை இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மூன்று நாள், எந்த மணிக்கு வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். "ரொம்ப வலி" என்பதைவிட "விடியற்காலம் மூன்று மணிக்கு எட்டு" என்பது டாக்டருக்கு உபயோகம். அங்கே, "எங்கள் ஒன்றியத்து நோய் ஆதரவு நர்ஸ் எந்தக் கிழமை எங்கள் ஊருக்கு வருவார்? பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று கேளுங்கள். மார்பின் அங்கே இல்லையென்றால் மயிலாடுதுறை அரசு மருத்துவமனையிலா, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலா, எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரியாகப் பதில் கிடைக்கவில்லையானால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம்.

பிறகு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அத்தை தூங்கினாரா, நீங்கள் தூங்கினீர்களா என்று இரண்டு வரி போதும்.